அல்லி ராஜ்யம்னு சொன்னா நாம ஏன் சிரிக்கிறோம்?

(பண்ணைப்புரத்தில் நடந்த மகளிர் தினக் கூட்டத்தில், ஒரு குழுவின் உறுப்பினர்கள் சார்பாகப் பேசிய பேச்சு இது. நம் எல்லா உறுப்பினர்களும் படிக்க வேண்டும் என்று இங்கே தருகிறோம்.)



எங்களைப் பேசச் சொன்னப்ப, சேமிப்பு எவ்வளவு, உள்கடன் எவ்வளவுன்னு கணக்குத்தான் சொல்லணும்னு நினைச்சோம். அந்தக் கணக்கு தணிக்கை நோட்டுல இருக்கு, யார் வேணும்னாலும் பார்க்கலாம். நோட்டுல எழுதாத ஒரு கணக்கு எங்ககிட்ட இருக்கு. அதை இன்னைக்குச் சொல்லிடலாம்னு எங்களுக்குள்ள பேசி முடிவு பண்ணி வந்திருக்கோம்.

நம்ம பண்ணைப்புரம் மேடைக்குப் பேர் போன ஊரு. இளையராஜா பிறந்த ஊருன்னு வெளியூர்க்காரங்க தேடி வர்றாங்க. அவருக்கு முன்னாடியே அவங்க அண்ணன் பாவலர் வரதராசன் தம்பிகளைக் கூட்டிக்கிட்டு மேடை மேடையாப் பாடினவர். அதனால மேடைன்னா என்ன, அதுல சொல்ற ஒரு வார்த்தை ஜனங்க மனசுல எப்படி ஒட்டும்னு இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போன வருஷம் கோயில் திருவிழாவுல நாடகம் பார்த்தோம். வள்ளி திருமணம். ராத்திரி பத்து மணிக்கு ஆர்மோனியம் சத்தம் கேட்டதும், பாயைச் சுருட்டிக்கிட்டு எங்க குழுவுல பாதிப்பேரு முன்வரிசையில போய் உட்கார்ந்துட்டோம். முதல்ல பபூன் வந்தார். புருஷன் பொண்டாட்டி சண்டை மாதிரி ஒரு காமெடி. பொண்டாட்டி குழுக்கூட்டத்துக்குப் போயிட்டு லேட்டா வர்றா. "வாம்மா அல்லி ராணி, உங்க ராஜ்யத்துல இன்னைக்கு என்ன சட்டம்?"னு புருஷன் கேக்குறான். அவ பதில் சொல்ல வாயைத் திறக்கிறப்பெல்லாம் ஒரு தட்டு. நாலாவது தட்டுக்கு அவ வாயைப் பொத்திக்கிட்டுக் காலைத் தொட்டுக் கும்பிடுறா. கூட்டமே சிரிச்சுது.

நாங்களும் சிரிச்சோம். பொய் சொல்லலை, கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சிரிச்சோம். எங்க உறுப்பினர் ஒரு அக்கா மட்டும் சிரிக்கலை. எந்திரிச்சு வீட்டுக்குப் போயிட்டாங்க. வள்ளி வர்றதுக்குக் கூட இருக்கலை.

அடுத்த வாரம் குழுக்கூட்டம். சந்தா வசூல் முடிஞ்சது. எப்பவும் பேசாத அந்த அக்கா வாயைத் திறந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "அன்னைக்கு எல்லாரும் எதுக்குச் சிரிச்சீங்க?"

எங்க யார்கிட்டேயும் பதில் இல்லை. அந்தக் கேள்விதான் இந்தப் பேச்சு.

முதல்ல அல்லி கதையை எடுத்துக்குவோம். நம்ம அப்பத்தா காலத்துல திருவிழாக் கடையில 'அல்லி அரசாணி மாலை'ன்னு பெரிய எழுத்துப் புத்தகம் விப்பாங்க. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) இதை நாடகமாவும் எழுதினார். அல்லி மதுரையை ஆண்ட ராணி. ராஜ்யத்தைப் பறிச்சு வச்சிருந்தவனைத் தோற்கடிச்சுத் தானே பட்டத்துக்கு வந்தவ. அரண்மனைக்குக் காவலும் பெண்கள்தான், மந்திரியும் பெண்கள்தான். அவளுக்குக் கல்யாணத்துல விருப்பமில்லை. அர்ஜுனன் அவ மேல ஆசைப்பட்டான். கேட்டுப் பார்த்தான், நடக்கலை. கடைசியில கிருஷ்ணர் துணையோட பாம்பா உருவம் எடுத்து உள்ளே போய், அவ அசந்து தூங்குறப்ப தாலியைக் கட்டிட்டான். முழிச்சுப் பார்த்தா கழுத்துல தாலி. அவ கோபப்பட்டு என்னென்னமோ செஞ்சு பார்த்தா. ஆனாலும் கதை முடிவுல அவ அர்ஜுனனோட பொண்டாட்டி.

சகோதரிகளே, நல்லா யோசிச்சுப் பாருங்க. நாட்டை நல்லா ஆண்டவ பேரு நமக்கு மிச்சமானது எதுக்கு? பொம்பளை பேச்சு எடுபடுற வீட்டைக் கேலி பண்ண. "அங்கே அல்லி ராஜ்யம்"னு சொன்னா, அந்த வீட்டு ஆம்பளைக்குத் தலைகுனிவு, பொம்பளைக்கும் கெட்ட பேர். தூங்குறவ கழுத்துல தாலி கட்டினவனைக் கேலி பண்ண நம்மகிட்ட ஒரு வார்த்தை கூட இல்லை.

இது நம்ம ஊர்ல மட்டும்தானான்னு கேட்டா, இல்லை. எங்க உறுப்பினர் ஒருத்தர் மகள் காலேஜுல இங்கிலீஷ் இலக்கியம் படிக்குது. நாங்க இதைப் பேசிக்கிட்டு இருந்ததைக் கேட்டுட்டு, "இதே கதை எங்க பாடத்துல இருக்கு பெரியம்மா"ன்னு சொல்லிச்சு. திண்ணையில உட்கார வச்சு முழுசாச் சொல்லச் சொன்னோம்.

ஷேக்ஸ்பியர்னு பெரிய நாடக ஆசிரியர். 400 வருஷத்துக்கு முன்னாடி, 1590-ஐ ஒட்டின வருஷங்கள்ல ஒரு சிரிப்பு நாடகம் எழுதினார். 'தி டேமிங் ஆஃப் தி ஷ்ரூ'. நம்ம பேச்சுல சொன்னா, அடங்காப்பிடாரியை அடக்கின கதை. ஷ்ரூன்னா மூஞ்சூறு. வாயாடிப் பெண்ணையும் அந்தப் பேர் சொல்லித்தான் திட்டுவாங்களாம். அந்தக் காலத்துல ஸ்காட்லாந்துலயும் இங்கிலாந்துலயும் வாயாடின்னு பேர் வாங்கின பெண்ணுக்கு, நாக்கை அமுக்குற மாதிரி இரும்புக் கடிவாளம் மாட்டித் தெருவுல இழுத்துக்கிட்டுப் போற தண்டனையே இருந்திருக்கு. நம்ம ஊர்ல பயிரை மேயாம இருக்க மாட்டுக்கு வாய்ப்பூட்டுப் போடுவோமே, அது மாதிரி.

கதை இதுதான். இத்தாலியில பதுவான்னு ஒரு ஊரு. பணக்காரர் ஒருத்தருக்கு ரெண்டு பெண்கள். மூத்தவ கேத்தரினா பட்டுப்பட்டுன்னு பேசுறவ. அவளும் லேசுப்பட்டவ இல்லை, தங்கச்சி கையைக் கட்டிப்போட்டு அடிச்சவதான். மூத்தவளுக்கு முடிஞ்சாத்தான் இளையவளுக்குக் கல்யாணம்னு அப்பா சொல்லிடுறார். அப்ப வெளியூர்லேர்ந்து பெட்ரூக்கியோன்னு ஒருத்தன் வர்றான். பணக்காரப் பெண்ணாக் கட்டணும், அவ்வளவுதான் அவனுக்கு. அப்பாகிட்ட முதல்ல கேட்டதே சீதனம் எவ்வளவுன்னுதான். 20,000 பொற்காசு, அப்பா காலத்துக்குப் பிறகு பாதி நிலம்னு பேசி முடிச்சாச்சு.

பொண்ணு எல்லார் முன்னாடியும் மாட்டேன்னு சொல்லுது. அதுக்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா? "நாங்க தனியாப் பேசினப்ப அவ சம்மதிச்சுட்டா. வெளியில மட்டும் இப்படி எதிர்த்துப் பேசுவான்னு எங்களுக்குள்ள ஏற்பாடு"ங்கிறான். அதோட அவ 'மாட்டேன்'னு சொன்னது செல்லாமப் போச்சு. அப்பாவும் கையைச் சேர்த்து வச்சுட்டார்.

கல்யாணம் முடிஞ்சதும் விருந்து சாப்பிட விடலை, உடனே இழுத்துக்கிட்டுப் போறான். என் வீடு, என் வயல், என் மாடு மாதிரி இவளும் என் உடைமைங்கிறான். வீட்டுக்குப் போனா, கறி கருகிடுச்சுன்னு தட்டைத் தூக்கி எறியுறான், அவளுக்குப் பசி. படுக்கை சரியில்லைன்னு சத்தம் போட்டு ராத்திரி முழுக்கத் தூங்க விடலை. புதுசாத் தைச்சு வந்த துணி நல்லாயில்லைன்னு திருப்பி அனுப்பிட்டான். எல்லாம் உன் மேல வச்ச அக்கறைன்னு சொல்லிக்கிட்டே செய்யுறான். கடைசியில, பகல் சூரியனைக் காட்டி நிலான்னு சொல்லுங்கிறான். சொல்லலேன்னா அம்மா வீட்டுக்குப் போறதுக்குக் கிளம்பின பயணம் நின்னு போகும். அவளும் நிலான்னு சொல்லிடுறா.

இந்தக் கதையில ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அவன் அவளை ஒரு அடி கூட அடிக்கலை. சோறு, தூக்கம், துணி, கேலி. இந்த நாலும் போதுமா இருந்துச்சு.

முடிவுல ஒரு பந்தயம். மூணு புருஷன்மார்கள், யார் பொண்டாட்டி கூப்பிட்டதும் வர்றான்னு 100 காசு பந்தயம் கட்டுறாங்க. கேத்தரினா மட்டும் வர்றா. வந்து மத்த ரெண்டு பெண்களுக்கும், புருஷனுக்கு எப்படி அடங்கி நடக்கணும்னு பெரிய பிரசங்கம் பண்ணுறா. 40 வரிக்கு மேல. அந்த நாடகத்துல அவ பேசின பேச்சுலயே அதுதான் ரொம்ப நீளம்.

எங்களுக்குச் சுருக்குன்னு தைச்சது இந்த இடம்தான். பெண்ணை வாயடைக்கிறதுன்னா பேசாம வைக்கிறதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம். அது பாதிதான். மீதிப் பாதி, அவ வாயிலேயே அவன் பேச்சைப் பேச வைக்கிறது. நிறையப் பேசுவா, ஆனா அதுல அவ வார்த்தை ஒண்ணு கூட இருக்காது. இன்னொண்ணும் அந்தப் பிள்ளை சொல்லிச்சு. இங்கிலாந்துல 1660 வரைக்கும் பொது நாடக மேடையில பெண்கள் நடிக்கிற வழக்கமில்லை, பையன்களுக்குத்தான் பெண் வேஷம். எழுதினவர் ஆண், பேசினது பையன். பெண் அடங்கணும்னு சொன்ன அந்தப் பெண் குரல் கூட பெண் குரல் இல்லை. நம்ம பக்கத்துலயும் அப்படித்தான். 1918-ல மதுரையில சங்கரதாஸ் சுவாமிகள் ஆரம்பிச்ச பாலர் சபையில பெண் வேஷம் கட்டினதெல்லாம் சின்னப் பையன்கள்.

இந்தக் கதை கடல் தாண்டி நம்ம சினிமாவுக்கும் வந்துச்சு. 1963-ல சிவாஜியும் பானுமதியும் நடிச்ச 'அறிவாளி' இந்த நாடகத்தைத் தழுவின படம். 1972-ல வந்த 'பட்டிக்காடா பட்டணமா' படத்துலயும் இதே சாயல். எதிர்த்துப் பேசுற பொண்ணு கடைசியில அடங்கி வந்தாத்தான் படம் முடியும். நாம விசிலடிச்சுப் பார்த்தோம். ஆனா நிஜத்துல, முதல் படத்துல அடங்கின பானுமதி 1953-லயே படம் டைரக்ட் பண்ணினவங்க, சொந்தமா ஸ்டூடியோ நடத்தினவங்க. ரெண்டாவது படத்துல அடங்கின ஜெயலலிதா 1991-ல முதலமைச்சர் ஆனாங்க. வேஷத்துக்குத்தான் அடங்கியிருக்காங்க.

நம்ம மேடையை மட்டும் குறை சொல்லிட்டுப் போகக்கூடாது. வள்ளி திருமணத்துல ஜனங்க விடிய விடிய காத்துக்கிடக்கிறது எதுக்கு? தர்க்கத்துக்கு. நாரதர்கிட்டேயும் வேலன்கிட்டேயும் வள்ளி கேள்வி மேல கேள்வி கேட்டு மடக்குவா. அந்த வள்ளியா நடிச்சு, பாடி, பேர் வாங்கினவங்கதான் கே.பி. சுந்தராம்பாள் அம்மா. பெண் பேசுறதைக் கேட்கவும் நம்ம ஜனங்களுக்குப் பிடிக்கும். அதனால நாடகம் வேண்டாம், காமெடி வேண்டாம்னு நாங்க சொல்லலை. எதுக்குச் சிரிக்கிறோம்னு ஒரு நிமிஷம் பார்க்கணும்னுதான் சொல்றோம்.

இப்ப எங்க அக்கா கதைக்கு வர்றோம். அவங்க அனுமதியோடதான் சொல்றோம். பேர் சொல்ல மாட்டோம்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அந்த அக்கா குழுவுல 30,000 ரூபாய் கடன் கேட்டாங்க. ஆடு வாங்கணும்னு சொன்னாங்க. எத்தனை ஆடு, யார்கிட்ட வாங்கப்போறாங்க, எப்படித் திருப்பிக் கட்டுவாங்கன்னு மனப்பாடம் பண்ணின மாதிரி கடகடன்னு சொன்னாங்க. நல்லாப் பேசினாங்கன்னு கடனைக் கொடுத்துட்டோம். நிஜமாவே மனப்பாடம்தான். வீட்டுக்காரர் முதல் நாள் ராத்திரி உட்கார வச்சுச் சொல்லிக் கொடுத்தது. ஆடு வரலை, மோட்டார் சைக்கிள் வந்துச்சு. தவணையை அக்கா விடிகாலை ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய், அந்தக் கூலியில கட்டினாங்க.

குழுக்கூட்டம் நடக்கிற அன்னைக்கு வீட்டுல அடுப்பு எரியாது. அரிசிப் பானை இருக்கிற அறையைப் பூட்டிட்டு அவர் வெளியே போயிடுவார். ராத்திரி வந்து "அல்லி ராணிக்குக் குழுவுல சோறு போடலையா?"ன்னு கேட்பார். பிள்ளைகளும் சேர்ந்து சிரிக்கும். அடி கிடையாது. அதனாலேயே யார்கிட்ட சொல்றதுன்னு தெரியலை அவங்களுக்கு.

எங்க குத்தத்தையும் கேளுங்க. அந்த ரெண்டு வருஷமும் அவங்க கூட்டத்துல வாயே திறக்கலை. நாங்க என்ன செஞ்சோம்? சண்டை சச்சரவு இல்லாத நல்ல உறுப்பினர்னு, ஆண்டு விழாவுல ஒரு எவர்சில்வர் டப்பா பரிசு கொடுத்தோம். ஒரு பெண் வாயடைச்சுப் போனதுக்கு நாங்களே கைதட்டிப் பரிசு கொடுத்திருக்கோம். அப்புறம் நாடகத்துல அதே வார்த்தையைக் கேட்டு, அவங்க பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டே சிரிச்சோம்.

விஷயம் தெரிஞ்சதும் நாலு பேர் அவங்க வீட்டுக்குப் போனோம். வீட்டுக்காரர், "நான் அடிச்சேனா? அவளையே கேளுங்க"ன்னார். அக்காவும் "அடிக்கலை"ன்னாங்க. அது உண்மைதான். திரும்பி வந்து கூட்டமைப்புல கேட்டோம். அப்பத்தான் சட்டத்தைப் பத்தி விளக்கமாச் சொன்னாங்க.

எல்லாரும் இதை மனசுல பதிய வச்சுக்கணும். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல வந்து, 2006 அக்டோபர்லேர்ந்து நடைமுறையில இருக்கு. அதுல வன்முறைன்னா அடி மட்டும் இல்லை. அவமானப்படுத்துறது, ஏளனம் பண்றது, பேர் வச்சுக் கூப்பிடுறது, அன்றாடத் தேவைக்குப் பணமோ பொருளோ கொடுக்காம வைக்கிறது, எல்லாமே வன்முறைதான். கேலி பண்றதைச் சட்டமே வன்முறைன்னு எழுதியிருக்கு. மாவட்டத்துல சமூக நலத்துறையில இதுக்குன்னு பாதுகாப்பு அலுவலர் இருக்காங்க. 181-க்குப் போன் பண்ணினா வழி சொல்லுவாங்க. இந்த நம்பரைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்க.

அக்கா புகார் கொடுக்க விரும்பலை. நாங்களும் வற்புறுத்தலை. நாங்க சொல்லிக் கொடுத்து அவங்க பேசினா, அதுவும் இன்னொருத்தர் பேச்சுத்தானே? சட்டம் இருக்குங்கிறது மட்டும் வீட்டுக்காரர் காதுக்குப் போச்சு. அரிசி அறைப் பூட்டு போயிருச்சு. மீதித் தவணையை அவரே கட்டணும்னு பேசினோம். பாதி கட்டுறார், பாதி இழுக்கிறார். எல்லாம் சரியாயிருச்சுன்னு பொய் சொல்ல நாங்க வரலை.

அந்த இங்கிலீஷ் நாடகத்துக்கு ஒரு மறு கதை உண்டுங்கிறதையும் அந்தப் பிள்ளைதான் சொல்லிச்சு. சுமார் 20 வருஷம் கழிச்சு, 1611-ஐ ஒட்டி, ஜான் பிளெட்சர்னு இன்னொருத்தர் எழுதினது. கேத்தரினா செத்துப் போயிடுறா. பெட்ரூக்கியோ ரெண்டாவதா மரியாவைக் கட்டுறான். மரியா முதல் நாளே மாடியில ஏறிக் கதவைச் சாத்திக்கிட்டு, நீ திருந்துற வரைக்கும் இறங்க மாட்டேங்கிறா. தனியா இல்லை. கூட அவ சொந்தக்காரப் பெண்கள். சாப்பாட்டுச் சாமானெல்லாம் மேல ஏத்தியாச்சு. ஊர்ப் பெண்கள், பட்டிக்காட்டுப் பெண்கள் எல்லாம் துணைக்குத் திரண்டு வந்துடுறாங்க. கடைசியில அவன் வழிக்கு வர்றான். 1633-ல ரெண்டு நாடகத்தையும் அந்த நாட்டு ராஜா முன்னாடி அடுத்தடுத்து போட்டாங்க. முதலாவது பிடிச்சிருந்துச்சு, ரெண்டாவது ரொம்பப் பிடிச்சிருந்துச்சுன்னு நாடகங்களைத் தணிக்கை செய்யுற அதிகாரி குறிச்சு வச்சிருக்கார்.

கேத்தரினாவுக்கும் மரியாவுக்கும் என்ன வித்தியாசம்? புருஷன் ரெண்டு பேருக்கும் ஒருத்தன்தான். மரியாவுக்குக் கூட நிக்க ஆள் இருந்துச்சு, சோத்துக்கு வழி இருந்துச்சு. அதைத்தானே நாம குழுன்னு சொல்றோம்?

அதனால எங்க தீர்மானப் புத்தகத்துல மூணு விஷயம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கோம். ஒண்ணு, யார் கடன் கேட்டாலும் ரெண்டு பேர் தனியா உட்கார்ந்து, "இது உன் கடனா, உன் வாயால வேற யாரும் கேக்குற கடனா?"ன்னு கேட்கணும். ரெண்டு, ஒரு உறுப்பினர் தொடர்ந்து மூணு கூட்டம் பேசாம இருந்தா, அமைதியானவங்கன்னு விட்டுடாம வீட்டுக்குப் போய்ப் பார்க்கணும். மூணு, அல்லி ராஜ்யம்னு யாராவது கேலி பண்ணினா நாம கூடச் சேர்ந்து சிரிக்கக்கூடாது. சண்டைக்குப் போக வேண்டாம். சிரிக்காம இருந்தாலே போதும், சொன்னவருக்குச் சப்புன்னு போயிடும்.

கடைசியா ஒண்ணு. போன மாசக் கூட்டத்துல அந்த அக்காவுக்கு லேட்டா வந்ததுக்கு 10 ரூபாய் அபராதம் போட்டோம். "நான் எதுக்குக் கட்டணும்? நீங்கதான் அரைமணி நேரம் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கீங்க, நோட்டை எடுத்துப் பாருங்க"ன்னு சத்தம் போட்டாங்க. ஊக்குநரோட பெரிய சண்டை. நோட்டை எடுத்துப் பார்த்தோம். அக்கா சொன்னதுதான் சரி. அபராதத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

அன்னைக்கு நாங்க எல்லாரும் சிரிச்சோம். அந்த அக்காவும் சிரிச்சாங்க.